ஆறாட்டு நாளில் பறந்த விமானம்

அத்தியாயம் 7

"வானத்தைப் பாத்துட்டு நட சாமி. தரையைப் பாக்கதுக்கு ஒனக்குச் சம்பளம் தரல."

ஜெஸ்லின் அக்கா இதைச் சொல்லி வாய் மூடவில்லை, நான் சாணியை மிதித்தேன். ஆறாட்டுத் திருவிழா பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் குதிரை போட்டுவிட்டுப் போனது. சூடுகூட ஆறவில்லை.

"அக்கா, வானத்துல ஒண்ணும் இல்லை. எல்லாம் தரையிலதான் இருக்கு, பாத்துக்கோங்கோ," என்று செருப்பை ஓடை ஓரத்தில் தேய்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. இந்தக் கேஸை எடுத்ததிலிருந்தே அவர் சிரிப்பதில்லை. என் வேலையில் பாதி அவரைச் சிரிக்க வைப்பதுதான், அதனால் எனக்கும் வேலை பாதியாகிவிட்டது.

அக்கா மார்த்தாண்டத்துக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம் பிடித்துப் பிடித்து சலித்துப்போய், தம்பானூரில் ஒரு லாட்ஜ் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். நான் ராமசுப்ரமணியன், ஸ்ரீவராகம் அக்ரஹாரம். அந்த ஆபீஸில் மேனேஜர், டிரைவர், டீ வாங்குகிறவன், திட்டு வாங்குகிறவன் எல்லாம் நானாக்கும்.

நாங்கள் தேடுவது யோசுவா என்கிற ஆளை. டிப்பர் லாரி ஓட்டியவர். மண் தட்டுவதற்காகப் பெட்டியைத் தூக்கியபோது மேலே போன கரண்ட் கம்பியில் தட்டிவிட்டது. உயிர் பிழைத்தது, முழங்கைக்குக் கீழே இரண்டு கையும் போயிற்று.

கை போன மனிதர் வீட்டில் உட்கார்ந்து பஸ் ஓட்ட ஆரம்பித்தார். நிஜ பஸ் இல்லை, வீடியோ கேம். பொன்முடி மலைரோட்டை வளைவுக்கு வளைவு அப்படியே போட்டு வைத்திருக்கிற கேம். கையே வேண்டாம், வாயால் சொன்னால் போதும். அதற்கென்று ஒரு ஆப் உண்டு. அது அவர் குரலைக் கேட்டுப் பழகி, அவர் குரலுக்கு மட்டும்தான் கீழ்ப்படியும். வேறு யார் கத்தினாலும் பஸ் அசையாது. 'ரைட் ஒடி', 'லெஃப்ட் ஒடி', 'செகண்ட் போடு', 'ஹாரன் அடி' என்று, லாரியில் கிளீனர் போடுகிற சத்தத்தையெல்லாம் அவர் போட்டார். அத்தனை வருஷம் கிளீனர் சத்தம் கொடுத்தான், இவர் ஓட்டினார். இப்போது இவர் சத்தம் கொடுத்தார், பஸ் ஓடியது. தினமும் சாயங்காலம் அதை நெட்டில் லைவாகப் போடுவார். பார்க்க ஒரு கூட்டமே இருந்தது.

அப்புறம் ஒரு நாள், கோயம்புத்தூரில் பொய்க்கை வைக்கிறார்கள், ஒரு சங்கத்து வேன் கூட்டிப்போகிறது என்று மனைவி எலிசாளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். திரும்பவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். ஆனால் சாயங்காலமானால் பஸ் மட்டும் தவறாமல் மலை ஏறுகிறது. அவர் குரல் மட்டும் வருகிறது.

போலீஸ் ஸ்டேஷனில் அவளிடம் கூசாமல் சொன்னார்களாம்: "சத்தம் வருதுன்னா ஆள் இருக்கான். ஆள் இருந்தும் வீட்டுக்கு வரலைன்னா அவனுக்கு வேற வீடு இருக்கு." அத்தோடு பேப்பரை மூடிவிட்டார்கள்.

எலிசாள் போனக்காடு எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டி மடித்து வைக்கிற வேலை. எங்கள் ஆபீஸுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"வேற வீடு இருந்தா இருந்துட்டுப் போகட்டும் அக்கா. அவரு உயிரோட இருக்காரா, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"அதான் தெனமும் சத்தம் கேக்குதே மக்களே?" என்றார் அக்கா.

"கேக்குது. முன்னாடி ஓட்டிக்கிட்டே எல்லார்கிட்டயும் பேசுவாரு. நான் கடையில டீ குடிக்கிற நேரம்னு தெரியும், 'என்ன, டீ ஆறிப்போச்சா'ன்னு என்னைக் கேப்பாரு. இப்ப ரைட்டு, லெஃப்ட்டு, அதோட சரி."

"கல்யாணமான எல்லா புருஷாளும் அப்படித்தான் பேசறா," என்று நான் வாயை விட்டேன். எலிசாள் என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

எங்களிடம் இருந்த ஒரே துப்பு ஒரு விமானம். பஸ் பொன்முடி உச்சிக்குப் போய் ரிவர்ஸ் எடுக்கும்போது யோசுவா "போட்டும்... போட்டும்... போட்டும்..." என்று, பின்னால் போகட்டும் என்கிற கிளீனர் சத்தம் கொடுப்பார். அந்த நேரத்தில் தலைக்கு மேலே ஒரு விமானம் கூரையைப் பிய்க்கிற மாதிரி போகும். தினமும் போகும். கோயம்புத்தூர் சங்கத்தில் கேட்டாயிற்று, யோசுவா அங்கே வரவே இல்லை. அப்படியானால் ஆள் கோயம்புத்தூரிலும் இல்லை, எங்கேயும் இல்லை, இங்கேயே விமான நிலையத்துப் பக்கத்தில்தான் இருக்கிறார் என்றார் அக்கா.

"பரவாயில்லையே, நம்மூர்ல ஒரு விமானம் ஒரு நாள்கூட லேட் ஆகாம வரதே," என்றேன் நான்.

"வாய மூடு சாமி," என்றார் அக்கா.

அன்றிலிருந்து விமான நிலையத்தை ஒட்டிய வள்ளக்கடவில் சந்து சந்தாக நடக்கிறோம். யோசுவா படத்தைக் காட்டாத கடை இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் கடை மூடியதும் எலிசாள் போன் பண்ணுவாள். "ஏதாச்சும் தெரிஞ்சுதா அக்கா?" என்பாள். "பாத்துட்டிருக்கோம் மக்களே," என்பார் அக்கா. போனை வைத்துவிட்டு அடுத்த சந்துக்குள் நுழைவார்.

இன்றைக்கு ஆறாட்டு, பெருமாள் கடலில் குளிக்கிற நாள். தெருவெல்லாம் ஜனம். சாமி கோயிலிலிருந்து புறப்பட்டு இந்த வழியாகத்தான் சங்குமுகம் கடலுக்கு வருவார். ரோட்டின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, போலீஸ் நின்றது. நாங்கள் ஒரு பூட்டிய கடைப்படியில் ஒண்டிக்கொண்டு, இயர்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பங்கு போட்டு, லைவைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பஸ் உச்சிக்கு வந்தது. மஞ்சு மூடிய மொட்டைத் திடல். யோசுவா குரல் கொடுத்தார். "போட்டும்... போட்டும்... போட்டும்..."

காதில் விமானம் போயிற்று.

நான் வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தேன். ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அக்கா காதிலிருந்து இயர்போனை உருவினார். "சாமி, இப்பம் பிளேன் போச்சா?"

"காதுல போச்சு. வானத்துல போகலை."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. காலையில் அம்மா படித்துப் படித்துச் சொன்னாள், ஆறாட்டும் அதுவுமா எங்கேயும் சுத்தாதே என்று. எனக்கு நினைவு தெரிந்த நாளாக இந்த ஊரில் ஆறாட்டு என்றால் விமான நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள். சாமி ரன்வேயைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறார். அவர் போய்க் குளித்துத் திரும்புகிற வரைக்கும் ஒரு விமானம் ஏறாது, ஒன்று இறங்காது. பால் குடிக்கிற குழந்தைக்குத் தெரிந்த விஷயம். விமானத்தைத் தேடு தேடு என்று தேடிய மும்முரத்தில் அது இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

"ரெக்கார்டு," என்றார் அக்கா. கடைப்படியில் மெதுவாக உட்கார்ந்தார். "எப்பவோ ஒரு நாளு பதிஞ்ச சத்தம். தெனமும் ரிவர்ஸ் எடுக்கும்போ அதே போட்டும், அதே பிளேன். லேட் ஆகாத பிளேன்னு நீ அன்னைக்கே சொன்ன. நான்தான் ஒனக்க வாய மூடினேன்."

"அக்கா, நான் ஜோக்குக்குச் சொன்னேன்."

"தெரியும். ஒனக்க ஜோக்கைச் சிரிக்காம கேட்டுப் பழகிட்டேன், அதுதான் வெனை."

எனக்குப் பெருமைப்பட வரவில்லை. "அப்போ பஸ் ஓட்டறது யாரு? வளைவு வரச்சே சரியா 'ரைட் ஒடி' வரதே?"

"யாரோ ஒருத்தன் அவருக்க ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியா பதிஞ்சு வச்சிருக்கான். ரோட்டைப் பாத்துத் தேவையானதை எடுத்துப் போடுகான். ஆப்புக்கு என்ன தெரியும், அவருக்க குரல்னு நெனச்சு ஓடுது. ஸ்டேஷன்லயும் அதைத்தான நெனச்சாவ."

"அப்போ யோசுவா?"

அதை அக்கா சொல்ல வேண்டியதே இல்லை. ஆள் இருந்தால் ஆள் குரல் கொடுப்பார். ஆள் இல்லை என்று யாருக்கும் தெரியக்கூடாது என்றால்தான் ஒருவன் இத்தனை மெனக்கெடுவான். கடை மூடியதும் எலிசாள் போன் பண்ணுவாளே என்று நினைத்தேன்.

பஸ் இறங்க ஆரம்பித்திருந்தது. "ஸ்லோ... ஸ்லோ... லெஃப்ட் ஒடி..." செத்தவர் குரலைக் கேட்கிறோம் என்று ஆனதும் எனக்கு அதைக் காதில் வைத்திருக்கவே பிடிக்கவில்லை. கழற்றப் போனேன்.

"கழத்தாத." அக்கா என் கையைப் பிடித்தார். "அந்தப் பக்கத்துக் காதைப் பொத்து. பொத்திட்டுக் கேளு."

பொத்தினேன். யோசுவா குரலுக்குப் பின்னால் லேசாக ஒரு பேண்டு வாத்தியம் கேட்டது. டிரம், குழல் எல்லாம். கையை எடுத்தால் அதே பேண்டு தெருக்கோடியில் கேட்டது. ஊர்வலத்துக்கு முன்னால் வருகிற போலீஸ் பேண்டு.

"பிளேன் பழசு, பேண்டு புதுசு," என்றார் அக்கா. முகத்தில் ஒரு வாரம் கழித்து ரத்தம் ஓடியது. "ரெக்கார்டைப் போடுகது ஸ்பீக்கர்ல. அதை ஆப் கேக்கணும்னா மைக் தொறந்து கெடக்கணும். தொறந்து கெடக்க மைக் தெருவையும் கேக்கும். அந்த ரூம் இந்த ரோட்டுமேலதான் இருக்கு சாமி. பேண்டு இப்பம் அதைத் தாண்டப் போவுது. ஓடு."

ஓடினோம். கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஜனத்தை இடித்துக்கொண்டு, பேண்டுக்குச் சமமாக ஓடினோம். இவ்வளவு பக்தியா என்று சிலர் வழிகூட விட்டார்கள். காதில் டிரம் சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

"போன்ல வாறது கொஞ்சம் பிந்திதான் வரும்," என்று மூச்சிரைக்கச் சொன்னார் அக்கா. "காதுல ரொம்பச் சத்தமா கேக்கும்போ, பேண்டு நிக்க எடத்தைப் பாக்காத. அதுக்குக் கொஞ்சம் பின்னால பாரு."

காது கிழிந்தது. நின்றோம். திரும்பிப் பார்த்தோம்.

அந்த இடத்தில் மூன்று வீடு. ஒரு வீட்டு வாசலில் குத்துவிளக்கேற்றி வைத்துக் குடும்பமே கைகூப்பி நின்றது. அடுத்த வீட்டில் நாற்காலி போட்டு உம்மாவும் பிள்ளைகளுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தெருவில் ஆறாட்டுக்கு வாசலுக்கு வராத வீடு கிடையாது. மூன்றாவது வீட்டு வாசலில் ஈ காக்கை இல்லை. ஜன்னல் சாத்தி, இடுக்கில் துணி திணித்திருந்தது.

"பெருமாள் வாசல் வழியா போறச்சே ஜன்னலைச் சாத்தறவன் ஒண்ணு நாத்திகனா இருக்கணும், இல்லை திருடனா இருக்கணும்," என்றேன்.

"இல்ல, உள்ள மைக் ஓடணும்," என்றார் அக்கா.

கதவைத் தட்டினார். ரொம்ப நேரம் கழித்து ஒரு விரற்கடை திறந்தது. அந்த முகம் எங்களுக்குத் தெரிந்த முகம். எலிசாள் கொடுத்த படத்தில் லாரிக்கு முன்னால் யோசுவாவின் தோளில் கைபோட்டு நின்றவன். கிளீனர் அஜீஷ். விபத்து நடந்த பிறகு துபாய்க்குப் போய்விட்டான் என்று அவனே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

"என்ன அஜீஷ், துபாய்ல இப்போ வள்ளக்கடவு கூட இருக்கா?" என்றேன்.

கதவைச் சாத்தப் பார்த்தான். நான் காலை உள்ளே விட்டேன். குதிரைச் சாணி மிதித்த கால்தான். அவன் விலகினான்.

உள்ளே போனதும் கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டேன். முன்னறை முழுக்க மைக்செட் சாமான். ஹாரன் ஸ்பீக்கர், பெட்டி, சுருள் சுருளாக ஒயர். லாரியை விட்டவன் மைக்செட் கடையில் சேர்ந்திருக்கிறான். குரலைப் பதிய இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அக்கா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவருக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "அந்தப் பெண்ணு தெனமும் டீயைக் கையில வச்சிட்டு ஒனக்க ரெக்கார்டைக் கேட்டுட்டு இருக்கா. அந்த மனுஷனை என்னடே செஞ்ச? எங்கடே போட்ட?"

"சேச்சி, மெல்ல, மெல்ல பேசுங்க," என்றான் அஜீஷ். அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "மைக் ஆன்ல இருக்கு. அண்ணன் உள்ள வண்டி ஓட்டிட்டிருக்காரு."

உள்ளறைத் திரையை அக்காதான் விலக்கினார்.

யோசுவா பாயில் உட்கார்ந்திருந்தார். எதிரே டிவியில் பொன்முடி ரோடு. காலடியில் ஒரு பலகை, அதில் வரிசையாக வீட்டு வாசலில் வைக்கிற காலிங் பெல் ஸ்விட்ச். கால் கட்டைவிரலால் ஒன்றை அமுக்கினார். பக்கத்து ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "ரைட் ஒடி." பஸ் திரும்பியது. இன்னொன்றை அமுக்கினார். "ஸ்லோ." அவர் வாய் அசையவில்லை. கழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தது, மூச்சு விடும்போது அந்தத் துணி உப்பி அமுங்கியது.

எங்களைப் பார்த்தார். கால் அப்படியே நின்றுவிட்டது. டிவியில் பஸ் வளைவில் நின்றது.

அஜீஷ்தான் சொன்னான். குரல் கம்மிக்கொண்டே வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டினால், குரல்பெட்டியில் கட்டி, அதை எடுத்தால்தான் உயிர் என்றுவிட்டார்கள். கோயம்புத்தூர், பொய்க்கை எல்லாம் இட்டுக்கட்டியது. ஆபரேஷனுக்கு முன்னால் இந்த அறையில் உட்கார்ந்து, இருக்கிற குரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் பதிந்திருக்கிறார்.

"போட்டும்னு சொல்லறது மட்டும் செரியா வரல்ல. சொல்லிச் சொல்லி தொண்டை கெட்டுப்போச்சு. நல்லா வந்த ஒண்ணுல பிளேன் சத்தமும் சேந்துபோச்சு. திரும்பச் சொல்ல அண்ணனால முடியல்ல. அதையே வச்சோம்."

"பொண்டாட்டிகிட்டச் சொன்னா என்னடே?"

அஜீஷ் யோசுவாவைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கை போனப்போ எலிசாளக்கா ஆஸ்பத்திரியில வச்சு ஒரு காரியம் சொன்னாங்க. கை போனா போட்டும், உங்க சத்தம் இருக்கே, எனக்கு அது போதும்னு. இப்போ அதுவும் போச்சுன்னு எப்படிப் போய் நிக்கறதுன்னு அண்ணன் கேக்கறாரு. டீ குடிக்கற நேரத்துக்கு அவங்களுக்குச் சத்தமாவது கேக்கட்டும்னுதான் இதெல்லாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அன்னைக்கு லாரியில பெட்டியைத் தூக்கலாம்னு சத்தம் கொடுத்தது நானாக்கும் சேச்சி. அண்ணன் ஒரு சகாயம் கேட்டா நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?"

அக்கா அவன் சட்டையை விட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தச் சட்டையின் கசங்கலை நீவிக்கூட விட்டார். கொலைகாரனைப் பிடிக்க வந்தோம். பிடிக்க ஒருவரும் இல்லை.

அக்கா போன் அடித்தது. எலிசாள். எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஏன் போட்டார் என்று அவருக்கே தெரியாது என்று பிறகு சொன்னார்.

"அக்கா, பஸ்ஸு நின்னுடுச்சு. கடையைச் சீக்கிரம் பூட்டிட்டாங்க. நான் ஊர்வலத்துக்குப் பின்னாலயே நடந்து வந்துட்டிருக்கேன்." மூச்சு வாங்கியது. "அக்கா, இன்னைக்கு பிளேனு கிடையாது. ஊருக்கே தெரியும். ஆனா எனக்குக் கேட்டுச்சு. அப்ப அது அவரு இல்லைல்ல? அவரு செத்துட்டாரு. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க, எங்கிட்டச் சொல்லத்தான் பயப்படுறீங்க."

யோசுவா தலை நிமிர்ந்தது.

"இல்ல மக்களே. உயிரோட இருக்காரு. எனக்க முன்னால இருக்காரு."

"அப்ப பேசச் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை."

அக்கா போனை அவர் வாயருகே கொண்டுபோனார். வாய் திறந்தது. உதடு அசைந்தது. கழுத்துத் துணி படபடத்தது. காற்று மட்டும் வந்தது. அவர் திரும்பத் திரும்ப முயன்றார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"அக்கா?" என்றாள் எலிசாள். கொஞ்சம் பொறுத்து, "பொய் சொல்லாதீங்க அக்கா," என்றாள். கட் ஆகிவிட்டது.

அக்கா திரும்ப அடித்தார். கூட்டத்தில் லைன் போகவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். போகவே இல்லை.

யோசுவா எழுந்தார். எங்களைத் தாண்டி முன்னறைக்குப் போய், கதவுக்கு முன்னால் நின்றார். அஜீஷைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

"எலிசாளக்கா வர்றதுக்குள்ள இங்கேருந்து போயிடணுமாம்," என்றான் அஜீஷ்.

தாழ்ப்பாள் போட்டவன் நான். அவரால் திறக்க முடியாது. தாழ்ப்பாளைப் பார்த்தார், அஜீஷைப் பார்த்தார், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் என்னைப் பார்த்தார். என் வாய்க்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. கையும் போகவில்லை. இப்படியே அவரை அடைத்து வைத்திருந்தால் எலிசாள் வந்துவிடுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"தொறந்து விடு சாமி," என்றார் அக்கா. "கை இல்லாத மனுஷனைத் தாப்பாள் போட்டு வச்சிட்டு, கண்டுபிடிச்சுத் தந்தேன்னு நான் அவகிட்டச் சொல்லமாட்டேன்."

திறந்தேன்.

அவரும் போக முடியவில்லை. வாசலை ஒட்டிக் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனம் நெருக்கியடித்து நின்றது. அந்தப் பக்கம் சாமி வாகனம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ரோடு கொள்ளாமல் ஜனம். ஆறாட்டு முடிந்து திரும்பாமல் இந்த ரோட்டில் ஒன்றும் நகராது. அவர் படியிலேயே நின்றுவிட்டார்.

எலிசாளை நான்தான் முதலில் பார்த்தேன். ரோட்டின் எதிர்ப்பக்கம், கூட்டத்துக்கு நடுவில், காதில் போனை வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நாங்கள் நின்ற வீட்டுக்கு நேராக வந்துவிட்டாள். அவள் பார்வை அந்தப் பக்கத்து வாசல்களில் இருந்தது.

"எலிசாளே, இங்க," என்று அக்கா அடித்தொண்டையில் கத்தினார். நானும் கத்தினேன். சங்கும் கூட்டத்தின் நாமமும் அதை விழுங்கிவிட்டது. கயிற்றுக்குக் கீழே குனிந்தேன். கான்ஸ்டபிள் என் காலரைப் பிடித்தார்.

"எங்கோட்டா? தள்ளி நில்லு."

"சார், ஒரு ஆளைக் கூப்பிடணும், ஒரு நிமிஷம்..."

"ஊர்வலம் கழிஞ்சிட்டு கூப்பிடலாம்."

எலிசாள் எங்களைத் தாண்டிவிட்டாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் கூட்டம் அவளை விழுங்கிவிடும். நான் யோசுவாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போக நின்ற முகம் அது இல்லை. சட்டைக் கையில் சுருண்டு கிடந்த இரண்டு முழங்கையும் தூக்கி ஆட்டினார். கூட்டத்துக்கு மேலே அது எட்டவில்லை. வாய் 'எலிசாளே' என்று திறந்தது. காற்றுதான் வந்தது. கூப்பிடக் குரல் இல்லாதவர், அசைக்கக் கை இல்லாதவர், தன் மனைவி தான் செத்துவிட்டதாக நினைத்து அழுதுகொண்டே போவதைப் பார்த்து நின்றார்.

பிறகு சடாரென்று திரும்பி உள்ளே ஓடினார். அஜீஷுக்கு எப்படிப் புரிந்ததோ, பின்னாலேயே ஓடினான். முன்னறையில் ஏதோ விழுந்தது. ஜன்னல் திறந்தது. திணித்திருந்த துணியோடு ஒரு ஹாரன் ஸ்பீக்கர் வாய் வெளியே வந்தது.

"போட்டும்... போட்டும்... போட்டும்..."

தெருவே அதிர்ந்தது. அந்தக் குரலுக்கு மேலே, கூரையைப் பிய்த்துக்கொண்டு, ஒரு விமானம் போயிற்று.

ஆறாட்டு நாளில் விமானம். கூட்டம் நடை நின்றது. விளக்கு பிடித்தவர்கள், நாற்காலியில் இருந்த உம்மா, குதிரைமேல் இருந்த போலீஸ், என் காலரைப் பிடித்திருந்த கான்ஸ்டபிள், எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

எலிசாள் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை.